நகரப் பொதுப் பள்ளிகளின் தரவு ஒப்பீடு: நியூயார்க் நகரம்

ஒரே நகர எல்லைக்குள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிகளை, அவற்றின் தேர்வு முடிவுகள், வருகைப் பதிவு, மாணவரின் குடும்பப் பின்னணி, படிப்பை முடித்து வெளியேறுவோரின் விகிதம் முதலிய பதிவுகளைக் கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்கும் முறை பள்ளித் தரவு ஒப்பீடு எனப்படும். இந்தியாவில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் வாயிலில்தான் தொங்குகிறது. அமெரிக்காவிலோ அச்சொல் கட்டணமில்லாத அரசுப் பள்ளியையே குறிக்கும். அந்நாட்டில் இவ்வொப்பீடு மிக விரிவாகவும் மிகுந்த சர்ச்சையோடும் நடந்த இடங்களுள் முதன்மையானது நியூயார்க் நகரம். ஏறத்தாழ ஒன்பது லட்சம் மாணவர்களையும் ஆயிரத்து அறுநூறு அளவிலான பள்ளிகளையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்ட, அந்நாட்டின் மிகப் பெரிய பள்ளி அமைப்பு அது என்பதால், பள்ளிகளை எண்ணால் அளப்பதில் நேரக்கூடிய ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களும் அங்கு ஒருமுறையாவது நேர்ந்து பதிவாகியுள்ளன.

தரவின் வடிவம்

நகரக் கல்வித் துறை வெளியிடும் அட்டவணைகளில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆறு இடங்கள் கொண்ட குறியீடு ஒன்று உண்டு. ‘13கே008’ என்ற குறியீட்டில் முதல் இரண்டு இலக்கங்கள் நகரின் 32 பள்ளி மாவட்டங்களுள் பதின்மூன்றாவதையும், நடுவிலுள்ள எழுத்து புரூக்ளின் பகுதியையும், இறுதி மூன்று இலக்கங்கள் எட்டாம் எண் பள்ளியையும் குறிக்கின்றன. மன்ஹாட்டனுக்கு எம், பிராங்க்ஸுக்கு எக்ஸ், குவீன்ஸுக்குக் கியூ, ஸ்டேட்டன் தீவுக்கு ஆர் என எழுத்துகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரே எண்ணைப் பல பகுதிப் பள்ளிகள் தாங்கி நிற்பதால், பெயரை நம்பி அட்டவணைகளை இணைப்பவர் ஒரு பள்ளியின் வருகைப் பதிவை இன்னொரு பள்ளியின் மதிப்பெண்ணோடு எளிதில் சேர்த்துவிடக்கூடும். மேலும், தேர்வு எழுதியவர் ஐவர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக ‘எஸ்’ என்ற எழுத்தே இருக்கும். குழந்தைகள் யாரென அடையாளம் தெரிந்துவிடாமல் காக்கும் இந்த ஏற்பாடு தேவையானதே. எனினும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் நான்கு குழந்தைகளை மட்டும் கொண்ட ஒரு வகுப்பு, அவ்வகையினருக்கான அட்டவணையில் இல்லாததைப் போலவே ஆகிவிடுகிறது.

எழுத்துத் தரங்களின் காலம்

2002-ஆம் ஆண்டில் பள்ளிகளின் நிர்வாகம் மேயரின் நேரடிப் பொறுப்புக்கு வந்தபின், மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் அவர் நியமித்த கல்வித் தலைவர் ஜோயல் கிளைனும் 2007-ஆம் ஆண்டு நவம்பரில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரையிலான ஒற்றை எழுத்தைத் தரமாக அறிவித்தனர். அத்தரத்தின் உள்ளமைப்பு, வெளியில் தெரிந்த எழுத்தைவிட நுட்பமானது. மதிப்பீட்டின் பாதிக்கு மேற்பட்ட எடை, மாணவர் சென்ற ஆண்டிலிருந்து இவ்வாண்டுக்கு எவ்வளவு முன்னேறினார் என்ற வளர்ச்சி அளவுக்குத் தரப்பட்டது. மதிப்பெண் நிலைக்கு அதைவிடக் குறைந்த எடையும், வருகை மற்றும் பெற்றோர், ஆசிரியர், மாணவர் கருத்துக் கணிப்புக்கு 15 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. அத்துடன், ஒத்த பின்னணியுடைய மாணவர்களைக் கொண்ட நாற்பது பள்ளிகள் வரை சேர்த்து ‘நிகர் குழு’ ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் அமைக்கப்பட்டு, நகரம் முழுவதையும் நோக்கிய ஒப்பீட்டைவிட அக்குழுவுக்குள் பள்ளி பெற்ற இடமே மிகுதியாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.

ஏழைக் குழந்தைகள் நிறைந்த பள்ளியை வசதியான பகுதிப் பள்ளியோடு நேருக்கு நேர் நிறுத்தாத இம்முறை நியாயத்தை நோக்கிய ஒரு படி என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ச்சி அளவுக்கு ஒரு பலவீனம் உண்டு: இரண்டு தேர்வுகளின் வேறுபாடே வளர்ச்சி என்பதால், இரு தேர்வுகளின் தற்செயல் பிழைகளும் அதில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பெற்றோர் போட்டியிட்டு இடம் கேட்ட ஒரு தொடக்கப் பள்ளி 2008-இல் எஃப் பெற்று, அடுத்த ஆண்டே ஏ பெற்றது. ஓராண்டுக்குள் ஒரு பள்ளி அவ்வளவு மாறிவிடாது. அங்கு மிகுதியும் மாறியது அளவுகோல் பதிவு செய்த எண்ணே.

2009-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 84 சதவீதம் ஏ தரத்தையும், பி தரத்தையும் சேர்த்தால் 97 சதவீதம் முதல் இரு தரங்களையும் பெற்றபோது, அவ்வெழுத்து எதையும் பிரித்துக் காட்டாத நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு முதல் 25 சதவீதப் பள்ளிகளுக்கே ஏ என்று வரம்பு கட்டப்பட்டது. இருப்பினும் எழுத்துத் தரங்கள் பயனற்றவை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. பொருளியலாளர்கள் ஜோனா ராக்கஃபும் லெஸ்லி டர்னரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, டி அல்லது எஃப் பெற்ற பள்ளிகளின் மாணவர்கள், வரம்பைச் சற்றே தாண்டித் தப்பிய பள்ளிகளின் மாணவர்களைவிடச் சில மாதங்களுக்குள் நடந்த தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதைக் காட்டியது.

தேர்ச்சிக் கோடு

தேர்ச்சி விகிதம் என்பது, மாநிலத் தேர்வின் நான்கு நிலைகளுள் மூன்றாம் நிலையையோ அதற்கு மேலோ எட்டிய மாணவரின் பங்கு ஆகும். மூன்றாம் நிலை எந்த மதிப்பெண்ணில் தொடங்குகிறது என்பதை அதிகாரிகள் வரையறுக்கின்றனர். அந்த எல்லை வெட்டு மதிப்பெண் எனப்படும். தேர்வுகள் ஆண்டுக்காண்டு எளிதாகிவிட்டன என்ற முடிவுக்கு வந்த நியூயார்க் மாநிலம் 2010-இல் அவ்வெல்லையை உயர்த்தியபோது, நகரின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவரின் கணிதத் தேர்ச்சி 82 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகவும், ஆங்கில மொழித் தேர்ச்சி 69-இலிருந்து 42 சதவீதமாகவும் இறங்கின. 2013-இல் புதிய பாடத்திட்டத்துக்கேற்ற கடினமான தேர்வு வந்ததும் அவை முறையே 30, 26 சதவீதமாகச் சுருங்கின. நான்கு ஆண்டு இடைவெளியில் குழந்தைகளின் அறிவு மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடவில்லை. இடம் மாறியது கோடு.

இக்கோடு வகுப்பறையையும் பாதிக்கிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாணவரை மேலே தூக்கினால் பள்ளியின் விகிதம் உயரும். வெகு கீழே நிற்பவர் பத்து மதிப்பெண் முன்னேறினாலும் விகிதம் அசையாது. ஆகவே ஆசிரியரின் நேரம் கோட்டோரத்துப் பிள்ளைகளின் பக்கம் சாயும் அபாயம் உண்டு. அனைவரின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு ஒப்பிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

யாரைச் சேர்த்தது, என்ன செய்தது

பள்ளி ஒப்பீட்டின் உயிர்நாடியான கேள்வி, மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, குழந்தை வீட்டிலிருந்தே கொண்டுவந்த பங்கு எவ்வளவு என்பதாகும். 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவரிடம் நடந்த ஆய்வு, மதிப்பெண் வேறுபாட்டின் பெரும்பகுதியைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே விளக்குகிறது என்று கண்டது முதல் இக்கேள்வி ஓயவில்லை.

இதன் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூறு மாணவர் கொண்ட முதல் பள்ளியில் வசதியானவர் 80 பேர், அவருள் தேறியவர் 56 பேர். ஏழைகள் 20 பேர், தேறியவர் 6 பேர். மொத்தத் தேர்ச்சி 62 சதவீதம். இரண்டாம் பள்ளியில் வசதியானவர் 20 பேரில் 16 பேரும், ஏழைகள் 80 பேரில் 32 பேரும் தேறுகின்றனர். மொத்தம் 48 சதவீதம். செய்தித்தாளில் முதல் பள்ளியே மேலே நிற்கும். ஆனால் வசதியானவரில் 70-க்கு 80 எனவும், ஏழைகளில் 30-க்கு 40 எனவும், இரு பிரிவினருக்கும் கூடுதல் தேர்ச்சியைத் தந்தது இரண்டாம் பள்ளி. மொத்தம் ஒன்றைச் சொல்ல, பகுதிகள் அதற்கு நேர்மாறானதைச் சொல்லும் இந்நிலை, புள்ளியியலில் சிம்சன் முரண் என்று வழங்கப்படுகிறது.

ஆகவே பின்னணியை அளந்தே ஆகவேண்டும். அதை அளப்பதும் எளிதன்று. நெடுங்காலம் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவரின் பங்கே வறுமையின் அளவாகக் கொள்ளப்பட்டது. 2017 செப்டம்பரில் நகரம் எல்லா மாணவர்க்கும் மதிய உணவை இலவசமாக்கியது. குழந்தைகளுக்கு மிக நல்லதான அம்முடிவு, பழைய அளவுகோலின் பயனைப் பெரிதும் குறைத்தது. இப்போது நகரம் பயன்படுத்தும் பொருளாதாரத் தேவைக் குறியீட்டில், அரசின் பொது உதவி பெறத் தகுதியுள்ள குடும்பத்தினருக்கும், கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் நிலையான வீடின்றித் தற்காலிக இருப்பிடத்தில் வாழ்ந்தவருக்கும், வீட்டில் வேற்று மொழி பேசி நான்கு ஆண்டுகளுக்குள் நகரப் பள்ளிக்குப் புதிதாக வந்த உயர்நிலை மாணவருக்கும் 1 என்ற முழு மதிப்பு தரப்படுகிறது; ஏனையோருக்கு அவர் குடியிருக்கும் சிறு வட்டாரத்தின் வறுமை விகிதம் மதிப்பாகிறது. ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் வீடற்ற நிலையை ஏதேனும் ஒரு கட்டத்தில் சந்திக்கும் நகரில் இது வெறும் நுட்பச் செய்தியன்று. காப்பகத்திலிருந்து வேறு பகுதிக்கு இரண்டு ரயில் மாறி வரும் குழந்தையின் வருகைக் குறைவைப் பள்ளியின் குற்றமாக எழுதுவது அநீதி.

சிறிய எண்களின் ஏமாற்று

இருபத்தைந்து மாணவர் தேர்வெழுதும் வகுப்பில் ஒரே ஒருவர் காய்ச்சலோடு வந்து தவறினால் தேர்ச்சி விகிதம் நான்கு புள்ளிகள் சரியும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே நிகழ்வு அரைப் புள்ளிதான். பாதிப் பேர் தேறும் வகுப்பு இருபத்தைந்து பேரைக் கொண்டதாயின், தற்செயலால் மட்டுமே ஏற்படும் ஊசலாட்டம் ஏறத்தாழ பத்துப் புள்ளிகள் இருபுறமும் இருக்கும். நூறு பேர் ஆனால் அது ஐந்தாகக் குறையும். எனவே தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுதியாகக் காணப்படும். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பென்சில்வேனியப் பள்ளிகளைக் கொண்டு இதைக் காட்டினார். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் இருவரும் 2002-இல் பள்ளி மதிப்பெண்களின் ஆண்டு மாற்றத்தில் பெரும்பகுதி நிலைக்காத அசைவே என்று எச்சரித்தனர். உச்சியிலுள்ள பள்ளிகளை மட்டும் பார்த்துச் சிறிய பள்ளியே சிறந்த பள்ளி என முடிவு கட்டுவோர், அடியில் நிற்கும் சிறிய பள்ளிகளைப் பார்க்கத் தவறியவர். மூன்று ஆண்டுச் சராசரியைக் கொள்வதே குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

2014-க்குப் பின்

மேயர் பில் டி பிளாசியோ காலத்தில் கல்வித் தலைவராக வந்த கார்மென் ஃபரீனா 2014-இல் எழுத்துத் தரங்களை நீக்கினார். அவற்றின் இடத்தில், தேர்வு வளர்ச்சி, கருத்துக் கணிப்பு, அனுபவமிக்க கல்வியாளர்கள் பள்ளிக்கு நேரில் சென்று வகுப்பறைகளைப் பார்த்து எழுதும் தர ஆய்வு, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவரைக் குறிக்கும் தொடர் வருகையின்மை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் அறிக்கைகள் வந்தன. ஒரே எழுத்தில் ஒரு பள்ளியை அடைக்க மறுத்த இம்மாற்றம் சரியானதே. ஆனால் படிக்க நேரமும் ஆங்கிலமும் உள்ள பெற்றோருக்கே அது முழுப் பயன் தருகிறது என்ற குறையும் உண்மையானது.

அந்நகரில் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிப்போர் 2000-களின் தொடக்கம் முதல் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தித் தர, கணினி இடங்களைப் பொருத்துகிறது. அவ்விருப்பப் பட்டியல்களை ஆராய்ந்து அப்துல்காதிரோலு, பதக், ஷெல்லன்பெர்க், வால்டர்ஸ் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் விரும்பிய பள்ளிகள் நல்ல மதிப்பெண்ணுடைய மாணவர்கள் சேரும் பள்ளிகளே என்றும், மாணவர் தரத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பள்ளி கற்பித்துக் கூட்டிய பயனுக்கும் விருப்பத்துக்கும் தொடர்பில்லை என்றும் கண்டது. நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கும் புகழ்பெற்ற பள்ளிகளைப் பற்றி அவருள் இருவர் ஜோஷுவா ஆங்கிரிஸ்டுடன் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட முந்தைய ஆய்வில், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் வரம்பு மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி இடம் பெற்றவருக்கும் மயிரிழையில் தவறவிட்டவருக்கும் பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.