பாசிர் ரிஸ்: பாலர் பருவக் கல்வியும் பராமரிப்பும்

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்த் தீவின் வடகிழக்குக் கரையில் ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரம். 1980களில் அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. 1989 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நகரத்துக்கென்று தனிப் பாலர் கல்விக் கொள்கை எதுவும் இல்லை. நாடு முழுவதற்குமான திட்டம் ஒரு குடியிருப்புப் பேட்டையில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க ஏற்ற இடம், அவ்வளவே.

சிங்கப்பூரில் பாலர் பருவம் என்பது இரண்டு மாதக் கைக்குழந்தையிலிருந்து, ஏழு வயதாகும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் சேரும்வரை உள்ள காலம். தொடக்கப்பள்ளிக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். பாலர் பள்ளி இன்றுவரை பெற்றோரின் விருப்பம்தான்.

நெடுங்காலம் இத்துறைக்கு இரண்டு எசமானர்கள். சில மணி நேரம் மட்டும் நடக்கும் பாலர் பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழும், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும் பராமரிப்பு நிலையங்கள் சமூக நல அமைச்சின் கீழும் இருந்தன. ஒரே வயதுப் பிள்ளைகள், வேறு வேறு விதிகள். 2012இல் லியன் அறநிறுவனத்துக்காக எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட பாலர் கல்விப் பட்டியலில் 45 நாடுகளுள் சிங்கப்பூர் 29ஆம் இடம் பெற்றது. கணிதத்திலும் அறிவியலிலும் முதல் வரிசையில் நின்று பழகிய நாட்டுக்கு அது சங்கடமான எண். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று பாலர் பருவ மேம்பாட்டு வாரியம் (இசிடிஏ) இரு தரப்பையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. இத்துறைக்கென 2017இல் நிறைவேறிய சட்டம் 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்ததும் உரிமமும் ஒன்றானது.

தரமும் கட்டணமும்

கைக்குழந்தைகள் ஐவருக்கு ஒரு பராமரிப்பாளர், பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டில் 25 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ‘ஸ்பார்க்’ தரச்சான்று 2011 முதல் உண்டு. நிலையங்கள் தாமாக முன்வந்து பெறுவது. பாடத்திட்ட வழிகாட்டி 2003இல் வந்து, 2012லும் 2022லும் திருத்தப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக்கான தேசியக் கழகம் 2019இல் தொடங்கியது.

கட்டணத்தில்தான் அரசு ஆழமாகக் கைவைத்தது. 1986இல் தோன்றிய மக்கள் செயல் கட்சி சமூக அறநிறுவனமும் (அதன் ஸ்பார்க்கிள்டாட்ஸ் நிலையங்கள் பாசிர் ரிஸ்ஸில் பல), தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் (என்டியுசி) மை ஃபர்ஸ்ட் ஸ்கூலும் ‘ஆங்கர் ஆப்பரேட்டர்’ என்ற பெயரில் 2009 முதல் மானியம் பெறுகின்றன. 2014இல் இந்தப் பட்டியல் ஐந்தாக நீண்டது. மானியத்துக்கு ஈடாகக் கட்டணத்துக்கு உச்சவரம்பு: முழுநாள் பராமரிப்புக்கு 2023இல் 680 வெள்ளி, 2025இல் 640, 2026இல் 610, பொருள் சேவை வரி தனி. வேலைக்குப் போகும் தாய்க்கு மாதம் 300 வெள்ளி அடிப்படை மானியம். குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்குக் கூடுதலாக 467 வரை கிடைக்கும். இந்த நிலையங்களில் மிகக் குறைந்த வருமானக் குடும்பம் மாதம் 3 வெள்ளிதான் கட்டுகிறது. தாய் வேலையில் இருந்தால்தான் முழு மானியம் என்ற நிபந்தனை, 6,000 வெள்ளிக்கு மேல் வருமானம் இல்லாத வீடுகளுக்கு 2024 டிசம்பரில் நீங்கியது. வேலை தேடவே பிள்ளையை எங்காவது விட வேண்டியிருந்த தாய்மாருக்கு இது பல ஆண்டுகள் பிந்தி வந்த திருத்தம்.

பிள்ளையைச் சேர்த்தால் மட்டும் போதாது, நாள்தோறும் அனுப்பவும் வேண்டும். வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கான கம்லிங்க் பிளஸ் திட்டம் அதையே குறிவைக்கிறது. மூன்று வயதாகும் ஆண்டில் பிள்ளையைச் சேர்த்தால் சேமிப்புக் கணக்கில் 500 வெள்ளி. ஒழுங்காக வந்தால் காலாண்டுக்கு 200. கருவுற்ற நாளிலிருந்தே வீட்டுக்கு வந்து உதவும் ‘கிட்ஸ்டார்ட்’ 2016இல் சில வட்டாரங்களில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. பாசிர் ரிஸ் ஸ்திரீட் 52இல் உள்ள இலாயஸ் பார்க் தொடக்கப்பள்ளி வளாகத்தில் கல்வி அமைச்சின் பாலர் பள்ளி இயங்குகிறது. இத்தகைய பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் குறைந்த வருமானக் குடும்பத்துச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது.

குடும்பம்

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பராமரிப்பு நிலையத்தின் வாசலைக் காலை ஏழரைக்குப் பார்க்க வேண்டும். ஆசிரியை குனிந்து பிள்ளையின் உள்ளங்கையையும் வாயையும் பார்க்கிறார்: கை, கால், வாய்ப்புண் நோய் இருக்கிறதா என்று. காய்ச்சல் பார்த்தாகிவிட்டது. பையைக் கொடுத்த தாத்தாவோ பணிப்பெண்ணோ திரும்புவதற்குள் அடுத்த பிள்ளை வரிசையில் நிற்கிறது. ‘இரவு நன்றாகத் தூங்கினானா?’ என்று கேட்க அங்கே ஒரு நிமிடம் இல்லை. கைப்பேசிச் செயலியில் படமும் அறிவிப்பும் வரும். ஆனால் மாலையில் அழைத்துப்போக வரும் பாட்டியின் கையில் அந்தச் செயலி இருப்பது அபூர்வம். பெற்றோர் ஈடுபாடு என்று ஏடுகள் சொல்வது, நடைமுறையில் யார் வாசலுக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் மூன்று தாய்மொழிகளையும் நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்பிக்கின்றன. மற்ற நிலையங்களில் தமிழ் இருப்பதும் இல்லாததும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஆசிரியர் கிடைப்பதையும் பொறுத்தது. தமிழ் வகுப்பு இல்லாத இடத்தில் தமிழ்ப் பிள்ளை மாண்டரின் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்கு அதில் குறையொன்றும் தெரியாது; வீட்டில் பாட்டிக்குத்தான் தெரியும்.

1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா), தொண்டூழியர்களைக் கொண்டு வசதி குறைந்த பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும் திட்டம் நடத்துகிறது. ஒயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் 2000 முதல் இயங்கும் பாசிர் ரிஸ் பொது நூலகத்தில் உறுப்பினர் சேர்க்கை சிங்கப்பூரர்களுக்கு இலவசம். கட்டணமும் தரச்சான்றும் பெருமளவு ஒழுங்குக்கு வந்துவிட்ட இத்துறையில், வீட்டு மொழி இன்னும் பெற்றோரின் தலையில்தான் இருக்கிறது. பிள்ளையைப் பதிய வரும் நாளில் பெரும்பாலான பெற்றோர் கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். தமிழ் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். இல்லையென்றால், வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்டவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் வகுப்பு திறப்பார்கள்.