பெற்றோலில் உள்ள 92: ஒரு எஞ்சின் சத்தத்தின் வரலாறு



பெற்றோல் நிலையத்தில் "92 அடிங்க" என்கிறோம். அந்த 92 எதைக் குறிக்கிறது? பலர் அதைப் பெற்றோலின் சுத்தம் அல்லது பவர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது எஞ்சினுக்குள் எழும் ஒரு சத்தத்தை அந்தப் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு.

மோட்டார் சைக்கிளில் இருவரை ஏற்றி, பெரிய கியரிலேயே பாலத்து ஏற்றத்தில் முறுக்கிப் பாருங்கள். சில நேரம் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அதுதான் நொக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மீதிக் கலவை சூட்டினாலும் அழுத்தத்தினாலும் தானாக வெடித்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவை இந்தச் சத்தம் பெரிதும் தொந்தரவு செய்தது. சார்ள்ஸ் கெட்டரிங் என்ற பொறியியலாளரின் மின்சார ஸ்டார்ட்டரும் பற்றரி இக்னிஷனும் 1912க்குள் கடிலக் கார்களில் வந்திருந்தன. நொக்கிங் கேட்டதும் பலர் அந்தப் புதிய இக்னிஷனையே குற்றம் சொன்னார்கள். சத்தம் வந்தால் கடைசியாகப் பூட்டிய சாமானைச் சந்தேகிப்பது நம்மிடமும் உள்ள பழக்கம்தானே.

கெட்டரிங் இந்தப் பிரச்சினையை 1916இல் தன்னிடம் சேர்ந்த தோமஸ் மிட்ஜ்லியிடம் கொடுத்தார். பெற்றோலை விட மண்ணெண்ணெய் அதிகம் நொக்கிங் தருவதை அவர் கவனித்தார். ஆகவே கோளாறின் வேர் எரிபொருளில் இருந்தது. எரிபொருளைச் சிவப்பாக்கினால் சூட்டை நன்றாக உறிஞ்சும் என்று நினைத்து அயடின் கலந்தார், சத்தம் குறைந்தது. வேறு சாயங்களைக் கலந்தபோது குறையவில்லை. நிறத்துக்கு இதில் வேலையில்லை, அயடினுக்குத்தான் என்று தெளிவானது. இதுவரை நல்ல ஆய்வு.

1921 டிசம்பர் 9இல் ஈயம் கலந்த ஒரு சேர்மம் அந்தச் சத்தத்தை அடியோடு நிறுத்தியது. அல்ககோலும் நொக்கிங்கைக் குறைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் ஈயத்தையே தெரிவு செய்து, 1923இல் 'எதில்' என்ற பெயரில் விற்றார்கள். பெயரில் ஈயம் இல்லை. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் ஐந்து தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் அதில் கை கழுவிக் காட்டினார். அவரே முந்தைய வருடம் ஈய நஞ்சால் ஓய்வெடுத்தவர்.

எஞ்சின் அமைதியானது. புகைக்குழாயால் வெளியேறிய ஈயம் உலகமெங்கும் பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல்தான். அதற்கு முன் பிறந்த நாம் எல்லோரும் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள். உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா அதை நிறுத்தியது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது, சத்தத்தை அடக்குவது வேறு, கோளாறைத் தீர்ப்பது வேறு. தடித்த ஒயில் ஊற்றினால் சில சத்தங்கள் கொஞ்ச நாள் அடங்கும், தேய்மானம் தொடரும். ஆகவே கராஜுக்குப் போகும் முன் சத்தம் எப்போது வருகிறது என்று கவனிப்போம்.

ஏற்றத்தில் மட்டும் வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால் பெரும்பாலும் நொக்கிங். பெற்றோலின் தரம், உள்ளே படிந்த கரி, டைமிங், அதிக சூடு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

நின்ற இடத்தில் எஞ்சினின் மேற்பகுதியில் சீராக 'டிக் டிக்' என்றால் டெப்பட் இடைவெளி.

அடிப்பகுதியில் கனமாக இடித்து, முறுக்கும்போது கூடினால் கனெக்டிங் ரொட் பெயாரிங்காக இருக்கலாம். உடனே நிறுத்துங்கள், தள்ளிக்கொண்டு போவது செலவு குறைவு.

இந்த மூன்றையும் பாஸிடம் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால், தேவையில்லாத சாமான் மாற்றும் செலவு மிச்சம். புதிதாகப் பைக் ஓடும் நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.