கோடையில் ஒரு குறிப்பேடு: பக்தாதிலிருந்து டமாஸ்கஸ் வரை

கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, நாள்தோறும் ஏதேனும் எழுதி வாருங்கள் என்று சொல்லும் பெற்றோர் பலர். நான்கைந்து நாள்கள் ஊக்கம் இருக்கும். பிறகு, காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், சாப்பிட்டேன் என்ற வரிகளே நாள்தோறும் திரும்ப வரும். பத்தாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். எழுதுவதற்கு என்ன நடந்தது என்பது பிள்ளையின் கேள்வி. பெரியவர்களிடம் கேட்டாலும் இதே விடைதான் வரும். பெரிய மனிதர்களுக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கும் உரியது நாட்குறிப்பு என்று நாமெல்லாரும் எப்படியோ நம்பிவிட்டோம்.

நாட்குறிப்பு எழுதுவது ஐரோப்பியரிடமிருந்து வந்த பழக்கம் என்ற எண்ணமும் படித்தவர்களிடையே உண்டு. அரபியில் தாரீக் என்னும் ஒரே சொல் தேதியையும் வரலாற்றையும் குறிக்கும். தேதியிட்டு எழுதி வைப்பதே வரலாற்றின் தொடக்கம் என்று கருதிய சமுதாயத்தில் நாட்குறிப்பு தோன்றாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. நம் முன்னோர் எவற்றையெல்லாம் எழுதினார்கள் என்று பார்த்தால், பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

கோடையிலிருந்தே தொடங்குவோம். ஹிஜ்ரி 309, ஸஃபர் மாதம், அதாவது கி.பி. 921 ஜூனில், அப்பாஸிய கலீஃபா முக்ததிரின் தூதுக்குழு ஒன்று பக்தாதிலிருந்து வடக்கே புறப்பட்டது. வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசர், மார்க்கம் கற்பிக்க ஆசிரியர்களையும் கோட்டை கட்டப் பொருளுதவியையும் கேட்டிருந்தார். அக்குழுவில் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான் என்பவர், தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். கண்டிப்பாகச் சொன்னால் அது பயண அறிக்கை, நாட்குறிப்பு அன்று. ஆயினும் கண்ணால் கண்டதைத் தேதியோடும் அளவோடும் எழுதும் கலையை அதைவிட நன்றாகக் காட்டும் நூல் அரிது.

ஏறக்குறைய பதினொரு மாதப் பயணத்துக்குப் பின், 922 மே மாதத்தில் அவர்கள் பல்கார் நாட்டை அடைந்தார்கள். ஒருநாள் மாலை, பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரோடு இப்னு ஃபள்லான் கூடாரத்துக்குள் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தையற்காரர் எப்படியோ அந்தத் தொலைதூர மண்ணுக்கு வந்து, அரசருக்கு ஆடை தைத்துக்கொண்டிருந்தவர். இருவரும் இஷா பாங்குக்காகக் காத்திருந்தனர். குர்ஆனின் ஏழில் ஒரு பங்கில் பாதியை ஓதும் நேரம்கூட ஆகியிருக்காது, பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் விடிந்துகொண்டிருந்தது! எந்தத் தொழுகைக்குப் பாங்கு சொன்னீர் என்று மோதினாரைக் கேட்க, அவர் ஃபஜ்ருக்கு என்றார். இஷா என்னவாயிற்று என்றதற்கு, மக்ரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்று விடை வந்தது. இரவு இப்போது சற்று நீண்டிருக்கிறது, இதைவிடக் குறுகியும் இருந்தது என்றார் மோதினார். ஃபஜ்ர் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகத் தாம் இரவில் உறங்கவில்லை என்றும் சொன்னார்.

மக்ரிப் நேரத்தில் அடுப்பில் ஏற்றிய பானை, ஃபஜ்ர் தொழும்போதும் வெந்திருக்காது என்று ஒரு வரியையும் இப்னு ஃபள்லான் சேர்த்திருக்கிறார். கடிகாரமில்லாத காலத்தில் ஓர் இரவின் நீளத்தை அளக்க அவர் ஓதும் நேரத்தையும் பானையையும் எடுத்துக்கொண்டார். 1,100 ஆண்டுகள் கழித்தும் அந்த இரவின் குறுமை நமக்குத் தெளிவாகப் புரிகிறது. தூதுக்குழு எதற்காகச் சென்றதோ அந்த அரசியல் இன்று ஆய்வாளருக்கு மட்டுமே வேண்டும். உறக்கமிழந்த மோதினாரை யாரும் மறப்பதில்லை.

கடிகாரம் அன்றி வேறொன்றால் ஒரு நாளை அளந்து எழுதச் சொல்லிப் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்புவதற்குள் எத்தனை பக்கம் படிக்க முடிந்தது, முற்றத்து வெயில் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு நகர்ந்தது என்று. ஒரு வாரத்துக்கு எழுதப் பொருள் கிடைத்துவிடும்.

இப்னு ஃபள்லானாவது தூரதேசம் போனார், நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோமே என்பவர்களுக்கு பக்தாதின் இப்னுல் பன்னா இருக்கிறார். ஹன்பலி மத்ஹபைச் சேர்ந்த அறிஞர். ஹிஜ்ரி 471-இல் இறந்தவர். அவர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பில் ஓராண்டுக்குச் சற்று மிகுந்த பகுதி, ஹிஜ்ரி 460 ஷவ்வால் முதல் 461 துல்கஅதா வரை (கி.பி. 1068–1069), டமாஸ்கஸ் நூலகம் ஒன்றில் தப்பிக் கிடந்தது. ஜார்ஜ் மக்திஸி என்னும் ஆய்வாளர் 1956–57-இல் அதைப் பதிப்பித்தார். யார் இறந்தார், ஜனாஸாவில் யார் கலந்துகொண்டார், ஊரில் என்ன பூசல் என்பவற்றோடு கனவுகளும் அதில் உண்டு. தாம் கண்ட கனவுகளையும் பிறர் வந்து சொன்ன கனவுகளையும் விளக்கத்தோடு எழுதியிருக்கிறார். ஊராருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டதன்று அது. பின்னாளில் எடுத்தாள்வதற்காகத் தமக்கென்று எழுதிக்கொண்டவை என்பது படிக்கும்போதே தெரிகிறது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு தவ்க், பத்திரம் எழுதும் தொழிலர். ஹிஜ்ரி 885 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் எழுதிய குறிப்புகள் இன்று நான்கு பெருந்தொகுதிகளாக அச்சாகியுள்ளன. வானிலை, தானிய விலை, அண்டை வீட்டார், குடும்பச் சச்சரவு என எதையும் அவர் விடவில்லை. மம்லூக் காலத்து நகரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அறிய விரும்புவோர் சுல்தான்களின் வரலாற்றை மூடிவைத்துவிட்டு இவரிடம்தான் வருகிறார்கள்.

இவர்கள் மூவருமே எழுத்தை நம்பி வாழ்ந்தவர்கள். என் மனத்தில் அதிகம் நிற்பவரோ சவரக்கத்தி பிடித்தவர். அஹ்மத் இப்னு புதைர், பட்டப்பெயரே ஹல்லாக், அதாவது நாவிதர். 18ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் தொழில் நடத்திய இவர், 1741 முதல் 1762 வரை தம் நகரத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை எழுதினார். ரொட்டி விலை ஏறியது, விலையைக் கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகள், ஆளுநர் அஸ்அத் பாஷா எழுப்பிய மாளிகை, 1757-இல் ஹஜ் பயணக் கூட்டம் வழிமறித்துக் கொள்ளையடிக்கப்பட்ட துயரம், 1759-இன் நிலநடுக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. மதரஸாவில் பட்டம் பெறாத ஒருவர் வரலாறு எழுதுவதா என்று அன்று சிலர் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் அவர் தனியாள் அல்லர். அதே நூற்றாண்டில் சிரியா, லெபனான் பகுதிகளில் படைவீரர், நீதிமன்ற எழுத்தர், உழவர், கிறித்தவப் பாதிரியார் எனப் பலர் இப்படி எழுதியிருக்கிறார்கள்.

இடையே ஒன்று. டமாஸ்கஸ் நாவிதர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். 1736-இல் தொடங்கி 1761 வரை செல்கிறது அது. ஒருவரையொருவர் அறியாத இருவர், இரண்டு மொழிகளில், தத்தம் ஊரின் பேச்சுநடை கலந்து, சந்தையையும் அதிகாரத்தையும் ஒரே மையால் எழுதினார்கள்.

நாவிதரின் நூலுக்குப் பின்னர் நேர்ந்ததைத்தான் சொல்ல வந்தேன். 19ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் அறிஞரான முஹம்மத் ஸயீத் அல்காஸிமீ அதைக் கண்டெடுத்தார். நல்லெண்ணம் கொண்டவர். ஆனால் பேச்சுவழக்கு அவருக்கு உறுத்தியது. மிகையென்று தோன்றியவற்றை நீக்கினார், மொழியைத் திருத்தினார், உமியைப் புடைத்துவிட்டு மணியைத் தருவதாகவே கருதினார். 1959-இல் கெய்ரோவில் அச்சேறியது இந்தத் திருத்திய வடிவமே. நெடுங்காலம் வரலாற்றாசிரியர்கள் நாவிதரின் குரல் என்று எண்ணி மேற்கோள் காட்டியதும் இதைத்தான். மூலக் கைப்படி ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருந்தது. டானா ஸஜ்தி அதை அச்சு நூலோடு ஒப்பிட்டு 2013-இல் ஒரு நூல் எழுதினார். கதைசொல்லியைப் போல் அவர் பேசும் பாங்கு, இடையிடையே எழும் துஆக்கள், ஒரு சாமானியன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இடங்கள் என, காஸிமீயின் சல்லடையில் எவை சிக்கி வெளியேறின என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. காஸிமீ இல்லையென்றால் இந்நூல் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்குமா என்பதும் ஐயமே. ஆகவே அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சல்லடை நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

பிள்ளையின் நாட்குறிப்பை வாங்கிச் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தும் வாப்பாவின் கையிலும் அதுவே இருக்கிறது. "நன்னி சொல்லுச்சு" என்று எழுதியதை "பாட்டி கூறினார்" என்று மாற்றும்போது நன்னி அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடுகிறார். பிழை திருத்தப் பள்ளிக்கூட நோட்டுகள் போதும். இந்த நோட்டைப் பிள்ளை காட்டினால் மட்டும் பாருங்கள். இப்னுல் பன்னாவின் குறிப்புகளை அவர் இருந்த காலத்தில் யாரும் திருத்தவில்லை.

நாளின் தலைப்பில் பிறைத் தேதியை எழுதலாம். 12ஆம் நூற்றாண்டில் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், தம் பயண நூலில் ஒவ்வொரு மாதத்தையும் அதன் பிறையைச் சொல்லியே தொடங்குகிறார். மாதப்பிறப்பன்று மக்ரிபுக்குப் பின் மாடிக்குப் போய்ப் பிறை தெரிந்ததா, மேகம் மறைத்ததா, முதலில் கண்டது தம்பியா அக்காவா என்று எழுதினால் அன்றைய பக்கம் நிறையும். மறுநாள் சந்தைக்குப் போய் வரும்போது மீன் விலையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். விலை கேட்ட கடைக்காரர் சலித்துக்கொண்டாரா, சிரித்தாரா என்பதையும், அவர் சொன்ன சொல்லிலேயே.