நினைவு நாட்களின் பெயரீடும் மொழிபெயர்ப்பும்: ஜூன் முதல் வார நிகழ்ச்சிகள் சில

முன்னுரை

வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நினைவு நாளாக நிலைபெறும்போது அதற்கு ஒரு தேதியும் ஒரு பெயரும் அமைகின்றன. தேதி ஐயத்திற்கு இடமற்றது என்றும் பெயர் வெறும் அடையாளம் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்விரு கருத்துகளும் ஆய்வுக்குரியன. எந்த நாட்காட்டியின்படி நாள் குறிக்கப்பட்டது, எந்தத் தரப்பினர் பெயரிட்டனர், அப்பெயர் நிகழ்ச்சியின் எந்தக் கூற்றை முன்னிறுத்தி எதனை மறைக்கிறது என்னும் வினாக்கள் மொழிபெயர்ப்பாளர்முன் எழுகின்றன. இவ்வினாக்களை எழுப்பாமல் பெயரை மட்டும் தமிழுக்குக் கொண்டுவருபவர், அப்பெயரில் அடங்கிய தீர்ப்பையும் தம்மை அறியாமலேயே கொண்டுவந்துவிடுகிறார்.

ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் அரசியல், இராணுவ வரலாற்று நினைவு நாட்கள் பல அமைந்துள்ளன. அவற்றுள் ஐந்தினை எடுத்துக்கொண்டு அவற்றின் பெயரீட்டு முறையையும் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. போர்களின் காரண காரியங்களை ஆராய்வது இதன் நோக்கமன்று.

1. நாட்காட்டியும் தேதியும்: இராய்கட், 1674

சிவாஜி இராய்கட் கோட்டையில் முடிசூடிய நாள் 1674 ஜூன் 6 என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. மராத்திய மரபு இதனைச் சக ஆண்டு 1596, ஆனந்த ஆண்டு, ஜேஷ்ட மாத வளர்பிறைத் திரயோதசி என்று குறிக்கிறது. விழாவிற்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹென்றி ஆக்ஸிண்டன் வந்திருந்தார். ஆங்கிலேயர் அக்காலத்தில் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினர். இங்கிலாந்து கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது 1752இல்தான். பதினேழாம் நூற்றாண்டில் இவ்விரு நாட்காட்டிகளுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது. எனவே, ஜூன் 6 என்பது ஜூலியன் தேதி. இன்று நாம் வழங்கும் முறைப்படி அந்நாள் ஜூன் 16 ஆகும். 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்ட போர்த்துக்கீசியரின் ஆவணங்களோடு இத்தேதியை ஒப்பிடுபவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளாவிடின் ஒரே விழாவை இரண்டாக எண்ண நேரிடும்.

இராய்கட்டில் இன்றும் இவ்விழா தேதிப்படி ஒருமுறையும் திதிப்படி ஒருமுறையும் கொண்டாடப்படுகிறது. திதியைத் தமிழில் தருகையில் வேறொரு சிக்கலும் எழுகிறது. ஜேஷ்டம் என்பதற்கு ஆனி என்று அகராதிகள் நேர் தருவதுண்டு. மராத்திய ஜேஷ்டம் சந்திர மாதம். தமிழ் ஆனி சூரிய மாதம். இரண்டும் சில நாட்கள் ஒன்றியும் சில நாட்கள் விலகியும் வருவன. ஆகவே மாதப் பெயரை மொழிபெயர்க்காமல் ஜேஷ்டம் என்றே எழுதுவது பிழைக்கு இடந்தராது. மாறாக, ஆனந்த ஆண்டு என்பது தமிழ் அறுபதாண்டுச் சுழற்சியிலும் 1674-75ஐயே குறிப்பதால் அதனைத் தடையின்றி வழங்கலாம்.

இந்நிகழ்ச்சி மொழி வரலாற்றிலும் இடம்பெறுவது. முடிசூட்டு விழாவை ஒட்டிப் புதிய ஆண்டுக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது. ஆட்சித்துறையில் வழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு மாற்றாக வடமொழிச் சொற்களைத் தரும் இராஜ்யவியவகார கோசம் என்னும் சொற்றொகுதி சிவாஜியின் ஆணைப்படி உருவாயிற்று. எண்மர் அமைச்சவையின் பதவிப் பெயர்களும் மாற்றப்பட்டன. பேஷ்வா முக்கியப் பிரதானர் ஆனார். மஜூம்தார் அமாத்தியர் ஆனார். சர்நோபத் சேனாபதி ஆனார். ஆயினும் அடுத்த நூற்றாண்டில் மராத்தியப் பேரரசை நடத்தியவர்களை வரலாறு முக்கியப் பிரதானர் என்று குறிப்பதில்லை; பேஷ்வாக்கள் என்றே குறிக்கிறது. அரச ஆணையால் அமைந்த பெயரும் வழக்கில் வெல்ல வேண்டும் என்னும் விதி இல்லை என்பதற்கு இது தக்க சான்றாகும். எனவே 1674க்குப் பிந்திய ஆவணத்தைப் பெயர்ப்பவர், மூலத்தில் எச்சொல் உள்ளதோ அதனையே காட்டுதல் வேண்டும். இரண்டையும் ‘முதலமைச்சர்’ என்று ஒன்றாக்குவது ஒரு மொழிக்கொள்கையின் வரலாற்றையே அழித்துவிடும்.

2. எழுத்தால் அமைந்த பெயர்: நார்மண்டி, 1944

1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படையினர் ஏறத்தாழ 1,56,000 பேர் கடல் வழியாகவும் வான் வழியாகவும் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினர். ஜூன் 5 என்று முதலில் குறிக்கப்பட்ட நாள், வானிலை காரணமாக ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இந்நாளின் பெயர் ‘டி-டே’. இங்கு ‘டி’ என்பது நாள் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தேயன்றி வேறன்று. நடவடிக்கை தொடங்கும் தேதியை வெளியிடாமல் திட்டமிடுவதற்காகப் படைத்துறையினர் முதல் உலகப்போர்க் காலத்திலேயே இக்குறியீட்டைக் கையாண்டனர். பொதுக் குறியீடாக இருந்தது பின்னர் ஒரே நாளுக்குரிய சிறப்புப் பெயராயிற்று. பிரெஞ்சு மொழி தன் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு இதே முறையில் ‘ஜூர் ஜி’ என்று அமைத்துக்கொண்டது. தமிழில் இவ்வாறு முதலெழுத்தைக் குறியீடாக்கும் மரபு வேரூன்றாமையால் ‘டி-நாள்’ என்பதே ஏற்புடையது. எழுத்தை விரித்துத் ‘தீர்மான நாள்’, ‘விடுவிப்பு நாள்’ என்றெல்லாம் பொருள் கூறுவது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும்.

பெயர் நடுநிலையாயினும் நிகழ்ச்சியைக் குறிக்கும் பொதுச்சொற்கள் அவ்வாறு அமைவதில்லை. பிரெஞ்சுக்காரர்க்கு அது தரையிறக்கம்; ஜெர்மானியர்க்குப் படையெடுப்பு; சோவியத் வரலாற்று நூல்களுக்கு இரண்டாம் போர்முனையின் திறப்பு. மூன்றாவது தொடர், முதலாம் முனையில் 1941 முதல் போரிட்டவர் யார் என்பதனைக் குறிப்பாற் சொல்கிறது. உருசிய நூலைப் பெயர்ப்பவர் அவ்விடத்தில் ‘டி-நாள்’ என்று எழுதினால் அக்குறிப்பு மறைந்துவிடும்.

3. எண்ணால் அமைந்த பெயர்: பெய்ஜிங், 1989

தேதியே பெயராவதும் உண்டு. 1947 ஜூன் 3 அன்று அறிவிக்கப்பட்ட இந்தியப் பிரிவினைத் திட்டம் ‘ஜூன் 3 திட்டம்’ எனவும் ‘மவுண்ட்பேட்டன் திட்டம்’ எனவும் வழங்குகிறது. இவற்றுள் முன்னது பொறுப்பை எவர்மீதும் ஏற்றாத பெயர். ஆயின் தேதிப் பெயர் எங்கும் நடுநிலையானது என்று முடிவுசெய்ய இயலாது. 1989 ஜூன் 3 இரவிலும் 4ஆம் நாளிலும் பெய்ஜிங்கில் படையினர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதைச் சீனர்கள் ‘ஆறு-நான்கு’ என்று குறிக்கின்றனர். மாத எண்ணையும் நாள் எண்ணையும் அடுத்தடுத்து வைக்கும் இவ்வமைப்பு, 1919ஆம் ஆண்டு மே 4 இயக்கத்தைக் குறிக்கும் ‘ஐந்து-நான்கு’ என்பதனோடு ஒத்தது. ஆகவே கேட்பவர் மனத்தில் அம்மாணவர் இயக்கத்தின் நினைவும் எழுகிறது. அரசுத் தரப்பு வழங்கும் பெயரோ ‘வசந்தத்திற்கும் கோடைக்கும் இடைப்பட்ட பருவத்தில் நிகழ்ந்த அரசியல் கொந்தளிப்பு’ என்னும் பொருளுடையது. அதில் நாளும் இல்லை; கொன்றாரும் இல்லை, இறந்தாரும் இல்லை.

தணிக்கைக்கு உள்ளான எண், புதிய வடிவங்களை ஈன்றது. மே மாதத்தின் 31 நாட்களுக்குப் பின் நான்கு நாட்களைக் கூட்டி ‘மே 35’ என்று எழுதும் வழக்கம் தோன்றியது. இல்லாத அந்நாளை அச்சுப்பிழை என்று கருதி ‘ஜூன் 4’ எனத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர், அப்படி எழுத நேர்ந்த நிலைமையையே நீக்கிவிடுகிறார். இவ்விடத்தில் வடிவமே பொருளாகும். தமிழ் இதழ்களில் பரவலாக வழங்கும் ‘தியானன்மென் சதுக்கப் படுகொலை’ என்னும் இடப்பெயர்த் தொடரும் ஆராயத்தக்கது. உயிரிழப்புகளில் பெரும்பகுதி சதுக்கத்தை நோக்கிச் செல்லும் சாலைகளில், சிறப்பாக மேற்குப் பகுதியின் முசிடி போன்ற இடங்களில் நேர்ந்தது. ‘பெய்ஜிங்கில் நிகழ்ந்தது’ என்பதே செய்திக்குப் பொருந்துவதாகும்.

4. கால அளவும் நோயும்: மேற்காசியா, 1967

1967 ஜூன் 5 முதல் 10 வரை இசுரேலுக்கும் எகிப்து, ஜோர்தான், சிரியா ஆகிய நாடுகளுக்கும் இடையே நடந்த போரினை இசுரேலியர் ‘ஆறு நாள் போர்’ என்கின்றனர். வெற்றியின் விரைவை முன்னிறுத்தும் இப்பெயர், யூத மறைநூல் கூறும் ஆறு நாள் படைப்பையும் நினைவூட்டுவது. அரபு மொழியில் இதற்கு ‘நக்சா’ என்று பெயர். அச்சொல் பின்னடைவு என்னும் பொருளுடையது. அதன் வேர் தேறிவந்த நோய் மீண்டும் தாக்குதலையும் குறிக்கும். 1948ஆம் ஆண்டுப் பேரிழப்பைக் குறிக்கும் ‘நக்பா’ என்பதனோடு ஒலியளவில் நெருங்கியதாயினும் வேர் வேறு, பொருளும் வேறு. பேரழிவு ஒருமுறை நேர்ந்து முடிவது. பின்னடைவிலிருந்து மீள இயலும். தோற்ற அரசு தன் தோல்விக்கு ஏன் இச்சொல்லைத் தேர்ந்தது என்பது இதனால் விளங்கும். தமிழில் இரண்டையும் ‘பேரழிவு’ என்று பெயர்ப்பது தவறாகும். இரு தரப்பையும் சாராத நடையில் எழுதுவோர் ‘1967 ஜூன் போர்’ என்னும் வழக்கைக் கொள்ளலாம்.

நாட்காட்டிச் சிக்கல் இங்கும் உண்டு. கிழக்கு எருசலேம் இசுரேலின் கைக்கு வந்த ஜூன் 7, எபிரேய நாட்காட்டியில் இய்யார் மாதம் 28ஆம் நாள். இசுரேல் ஆண்டுதோறும் எபிரேயத் தேதியையே பின்பற்றுவதால் ‘எருசலேம் நாள்’ ஆங்கில நாட்காட்டியில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பாலத்தீனர் நினைவுகூரும் நக்சா நாளோ ஜூன் 5 என்று நிலைத்துள்ளது. ஒரே போரின் இரு நினைவுகள் இருவேறு நாட்காட்டிகளில் இயங்குகின்றன.

இப்போரின் விளைவாக ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1967 நவம்பர் 22 அன்று நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் மொழியியலார் நன்கறிந்தது. இசுரேலியப் படைகள் விலக வேண்டிய நிலப்பகுதிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குமுன் ‘தி’ என்னும் வரையறைச் சொல் இல்லை. பிரெஞ்சு வடிவத்தில் அவ்வரையறை உள்ளது. எல்லா நிலப்பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்னும் வழக்கு இவ்வேறுபாட்டைப் பற்றி நின்றது. தமிழில் இத்தகைய வரையறைச் சொல் இலக்கணக் கட்டாயமன்று. ‘கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து’ என்னும் தொடர் இரு பொருளுக்கும் இடந்தரும். ‘அந்நிலப்பகுதிகள் அனைத்திலிருந்தும்’ என்றோ ‘சில நிலப்பகுதிகளிலிருந்து’ என்றோ தெளிவுக்காக எழுதுபவர், தூதர்கள் முடிக்காத வாதத்தைத் தாமே முடித்தவராவார். இங்குத் தமிழின் இயல்பான அமைப்பே மூலத்தின் தெளிவின்மையைக் காக்கிறது.

5. தமிழ்ப் பெயர் பெற்ற நடவடிக்கை: யாழ்ப்பாணம், 1987

1987 மே இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் மேற்கொண்ட தாக்குதலின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர் ‘ஆபரேஷன் லிபரேஷன்’. அதனை மொழிபெயர்த்தால் ‘விடுதலை நடவடிக்கை’ என்றாகும். எதிர்த்துப் போரிட்ட இயக்கத்தின் பெயரிலேயே அமைந்த சொல் அது. ஈழத்துத் தமிழ் எழுத்தில் அப்பெயர் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ என ஒலிபெயர்ப்பாக வழங்குவது கவனிக்கத்தக்கது. மொழிபெயர்ப்பு ஒப்புதலாகத் தோன்றும் இடத்தில் ஒலிபெயர்ப்பு விலகி நிற்க உதவுகிறது.

இத்தாக்குதலின் தொடர்ச்சியாக இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகள் ஜூன் 3 அன்று இலங்கைக் கடற்படையால் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள், ஜூன் 4 அன்று, இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 வகை விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணப் பகுதியில் நிவாரணப் பொருள்களை வீசின. இந்நடவடிக்கையின் பெயர் ‘பூமாலை’. பிற இந்திய மொழி இதழ்கள் பலவற்றுக்கு அது பொருள் விளங்காத குறியீடு. தமிழர்க்கோ பொருள் வெளிப்படையான சொல். யாரை நோக்கி அப்பெயர் சூட்டப்பட்டது என்பது மொழித் தேர்விலேயே புலனாகிறது. புதுதில்லி இதனை மனிதநேய உதவி என்றது. கொழும்பு இறையாண்மை மீறல் என்றது. இலங்கை ஆங்கிலத்தில் ‘பரிப்பு’ என்னும் சொல்லைச் சேர்த்து இதனை ஏளனமாகக் குறிக்கும் வழக்கும் தோன்றியது. சிங்களத்தில் வழங்கும் அச்சொல் தமிழ்ப் ‘பருப்பு’ என்பதன் கடன்பேறே. அதனை மீண்டும் தமிழாக்கிப் ‘பருப்பு வீச்சு’ என்றால் சொல் தாய்மொழிக்குத் திரும்பும். ஏளனம் யாருடையது என்பது மட்டும் திரும்பாது. அதனை உரியவர் கூற்றாக மேற்கோள் குறியிட்டுக் காட்டுதல் வேண்டும். இந்நிகழ்ச்சிக்குப் பின் எட்டு வாரங்களுக்குள், 1987 ஜூலை 29 அன்று, இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் நெறிகள் சில பெறப்படுகின்றன. முதலாவது, தேதியைத் தரும்போது அது எந்த நாட்காட்டிக்குரியது என்பதைச் சுட்டுதல் வேண்டும். இரண்டாவது, ஒரு தரப்பின் கூற்றில் அத்தரப்பு இட்ட பெயரையே காத்தல் வேண்டும். நூலாசிரியரின் பொதுக்கூற்றில் ஆண்டு, இடம், செயல் ஆகிய மூன்றனாலும் நிகழ்ச்சியைக் குறித்தல் நலம். மூன்றாவது, மூலத்தின் தெளிவின்மை வேண்டுமென்றே அமைந்ததாயின் அதனைத் தெளிவாக்குதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையன்று. நான்காவது, வழக்கத்திற்கு மாறான வடிவத்தைப் பிழை என்று திருத்துமுன் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

நினைவு நாள் பட்டியல்கள் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் ஆண்டுதோறும் தமிழாக்கம் பெறுகின்றன. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரியே இடம் பெறும் அப்பட்டியல்களில் பெயரைத் தவிர வாசகருக்கு வேறு செய்தி கிடைப்பதில்லை. ஆதலின் அந்த ஒரு பெயரைத் தேரும்போது பெரிய நூலை மொழிபெயர்க்கும்போது கொள்ளும் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது.