பாலம் போட்ட பாதை

அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாயிற்று; எங்கள் வீட்டில் இன்னும் மவுண்ட் ரோடுதான். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் இந்த வழியை அடையாறு மறித்தது. 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் கைக்காசு போட்டு சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். ஆர்மேனியம், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழியில் அதற்கொரு கல்வெட்டு உண்டு. பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிறகு தோட்ட பங்களாக்கள், அப்புறம் கடைகள். 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், 1904இல் எழுந்த கட்டடத்தில் இன்றும் புத்தகம் விற்கிறது. ஸ்பென்சர் கடையின் பழைய செங்கல் மாளிகை 1983 தீயில் போனது. 1913இல் படம் காட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், இப்போது தபால் துறையின் அஞ்சல்தலை மையம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் அண்ணாந்து பார்க்கக் காட்டியதோ 1959இல் திறந்த பதினாலு மாடி எல்.ஐ.சி. கட்டடம்.

சாலையின் முகப்பெல்லாம் ஒரு காலத்தில் துரைமார் கடைகள். ஆனால் 1734இல் நெசவாளருக்காக உருவான சிந்தாதிரிப்பேட்டை அருகிலேயே இருக்கிறது. பக்கத்து ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் உதிரிபாகத்துக்குப் பேரம் நடக்கிறது. மவுண்ட் ரோட்டைப் பார்க்க வருபவர்களை நான் அந்தச் சந்துகளுக்குத்தான் முதலில் கூட்டிப்போவேன்.