பிக்கப்பில் பெரிய டயர் மாட்டணுமா? லிஃப்ட் கிட் போடும் முன் இதைக் கவனிங்க!

திருத்தணியிலிருந்து எல்லை தாண்டினால், ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. இசுஸு வி-கிராஸ் பிக்கப் 2016 முதல் அங்கேதான் தயாராகிறது. இது மாதிரி வண்டிகளில் பெரிய டயர் மாட்ட லிஃப்ட் கிட் போடலாமா?

லிஃப்ட் என்ன செய்யும்?
வண்டியின் மேல்பகுதியைத் தூக்கி, டயர் உரசாமல் இடம் தரும். ஆனால் ஆக்சிலை உயர்த்துவது டயர்தான். 255/60 ஆர்18-லிருந்து 265/65 ஆர்18-க்கு மாறினால் கூடுவது சுமார் 19 மி.மீ. மட்டுமே.

ரிஸ்க் என்ன?
உயரம் கூடினால் மலை வளைவுகளில் கவிழும் ஆபத்தும் கூடும். மீட்டரில் வேகம் முன்பைவிடச் சுமார் 5% குறைவாகத் தெரியும்.

சட்டம்?
கம்பெனி குறிப்பிட்ட அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் தடை உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

என்ன செய்யலாம்?
கம்பெனி அனுமதித்த அளவிலேயே ஆல்-டெரெய்ன் டயர் வாங்குங்க. லிஃப்ட்டே தேவைப்படாது.