சொல் தவறாத ஈகை: சுவார்ட்ஸ் ஐயரும் தஞ்சைப் பஞ்சமும்

ஈகையைப் பற்றிச் சிந்திக்கையில் கொடுப்பவரின் கையையே நாம் நோக்குகிறோம். பெறுபவரின் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது என்று நாம் கேட்பது அரிது. தஞ்சைத் திருச்சபையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் ஐயர், திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டுகள் ஊழியம் செய்தபின் 1778-இல் தஞ்சையில் நிலைத்துத் தங்கினார். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு தொடங்கியது. போரினால் தஞ்சை நாடு பாழாயிற்று; கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். நாட்டுப்புறத்திலோ நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு உழைத்தவர்களுக்குக் கூலி கொடாமல் ஏமாற்றியிருந்தமையால், அரசரின் வாக்கையோ அதிகாரிகளின் வாக்கையோ குடிமக்கள் நம்ப மறுத்தனர்.

அந்நிலையில் ஐயர், கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக வாக்களித்து ஆளனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. விரைவில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அவர் சொன்னபடியே அனைவருக்கும் கூலி கொடுத்து, சிறு அன்பளிப்பும் அளித்து வீட்டுக்கு அனுப்பினார். பின்னர் கொடுமைக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடிய உழவர்களும் அவருடைய வாக்கை நம்பித் திரும்பினர்.

சுவார்ட்ஸ் ஐயர் ஆங்கிலக் கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. 1779-இல் சென்னை அரசின் தூதராக ஐதரிடம் சென்றவரும் அவரே. ஆட்சியின் நிழலில் நின்று செய்த ஊழியத்தை நாம் ஆராய்ந்தே மதிப்பிட வேண்டும். எனினும் உழவர்கள் நம்பியது கம்பெனியை அன்று. ஏழையின் கூலியைப் பிடித்துவைக்காத ஒரு மனிதரையே. கிறிஸ்தவரல்லாத சரபோஜி மன்னர், 1798-இல் மறைந்த ஐயருக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் எடுப்பித்ததும் இத்தகைய நம்பிக்கைக்குச் சான்றாகும்.

இங்கே நாம் கற்கும் பாடம் யாது? நீதியில்லாத இரக்கம் நிலைபெறாது. கூலிக்காரனின் கூக்குரலைப் பற்றி யாக்கோபு எழுதுவதும் இதையே உணர்த்துகிறது. உபதேசியாருக்கும் ஆலயப் பணியாளருக்கும் உரிய சம்பளத்தைத் தாமதப்படுத்திவிட்டு, பண்டிகை நாளில் ஏழைகளுக்கு ஆடை வழங்குவோமாயின், நம் ஈகையை யார் நம்புவர்? கொடுக்கவேண்டியதை முதலில் கொடுப்போம். அதன்பின் நம் அன்பளிப்பு அன்பாகவே விளங்கும்.